பாய் ஷெட் கஸ்தூரி டாக்டரிடம் சொல்லாதது

அன்று காலை பத்து மணி இருக்கும். பெரிய படகுப் பாய் ஒன்றைக் காயப்போடுவதற்காகக் கயிற்றில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு முனையை மாட்டியாயிற்று. இன்னொரு முனை கையில் இருந்தது. அப்போது போன் அடித்தது. கஸ்தூரியின் தம்பி குமார்.

"எங்கக்கா பூடுச்சுக்கா. இப்பத்தான். மூச்சு இஸ்துகினே இருந்துச்சு, அப்பிடியே நின்னுடுச்சு" என்றான்.

"சரிப்பா, வரேன்" என்றேன். கையில் இருந்த முனையை விட்டால் பாய் மணலில் விழும், மறுபடி முதலிலிருந்து அலச வேண்டும். அதனால் அதையும் மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுப் போட்ட பிறகுதான் கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் குமார் என்ன சொன்னான் என்பது எனக்கு மண்டையில் ஏறியது.

நம் மகளிர் குழுவில் கஸ்தூரியைத் தெரியாதவர் யாரும் இல்லை. கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருப்பாள். தலைவி பேச ஆரம்பித்தால், "சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கடி, அடுப்புல கொழம்பு கீது" என்று குரல் கொடுப்பாள். ஆனால் அவள் செய்த வேலை என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. "போட்டு கிளப்புல வேலை" என்பாள். நானும் அப்படித்தான் சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. அந்த வேலையைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுத முடியாது. அவள் எதனால் செத்தாள் என்பது அதில்தான் இருக்கிறது. அவளுடைய மகள் சுதாவிடம் அதை நான் எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் வேறு மாதிரி பேசவேண்டாம்.

திருவிடந்தை தாண்டிக் கடல் பக்கம் இறங்கும் மண் ரோட்டின் முடிவில் அந்த கிளப் இருக்கிறது. அங்கே இருப்பது நம் மீனவர்கள் ஓட்டுகிற பைபர் படகு இல்லை. மோட்டார் இல்லாமல், பாய் கட்டி, காற்றில் ஓடுகிற சின்னப் படகுகள். சென்னையிலிருந்து வந்து ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். ஓட்டி முடித்துவிட்டுக் குளித்துக் கிளம்பிவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த பாய்கள் எங்களிடம் வரும். நல்ல தண்ணீரில் அலசி, சவுக்குத் தோப்பு நிழலில் காயவைத்து, சுருட்டிப் பையில் போட்டு, தகரக் கூரை போட்ட ஷெட்டில் அடுக்குவது எங்கள் இரண்டு பேருடைய வேலை. ஈரம் கொஞ்சம் தங்கினாலும் பூசணம் பிடிக்கும். முதலில் கடுகு சிதறின மாதிரி கறுப்புப் புள்ளிகள். பிறகு பச்சையும் சாம்பலுமாக ஒரு பூச்சு. ஒரு பையில் வந்தால் பக்கத்துப் பைக்கும் போகும். பதினோரு மழைக்காலம் அதோடு மல்லுக்கட்டினோம்.

கஸ்தூரி பிறந்தது செய்யூர் பக்கம். வேர்க்கடலை போடுகிற குடும்பம். அவள் வேலைக்கு வந்த முதல் நாள், நான் கட்டிவைத்திருந்த பை ஒன்றின் வாயைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். யாரடா இது, வந்ததும் வராததுமாக மோப்பம் பிடிக்கிறாளே என்று பார்த்தேன்.

"இத்த எப்ப கட்டி வெச்ச?"

"போன வாரம்."

"உள்ள பூத்துடுச்சு. எங்க வூட்டு மல்லாட்ட மூட்ட கெட்டுப் போனா இப்டித்தான் நாறும்."

வெளியே இழுத்துப் பார்த்தால் உண்மைதான். பாய் முழுக்க வெள்ளையாக இருந்தது, மூலையில் மட்டும் கறுப்பு. "நடுவுல தொட்டுப் பாத்துட்டுக் காஞ்சுடுச்சுன்னு சுருட்டினியா?" என்றாள். "மூலையப் பாரு. ஏழெட்டுத் துணிய வெச்சுத் தெச்சிகீறான். நடு காஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அது காயும். ஒடம்பு தொட்ச்சிகினு காத தொடைக்காம வுட்ட மாதிரி." எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு ஒரு வருடம் முன்பே வேலைக்கு வந்தவள் நான். ஆனால் அன்றிலிருந்து மூலையைத் தொடாமல் ஒரு பாயையும் நான் சுருட்டியதில்லை.

அலசியது போதுமா என்று பார்க்க அவள் நாக்கைத்தான் நம்புவாள். பாயின் ஓரத்தை நக்கிப் பார்ப்பாள். உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் காலையில் காய்ந்த பாய் சாயங்காலக் காற்றில் மறுபடி பிசுபிசுத்துவிடும். கடல் ஓரத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடுக்களையில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி. ஒருநாள் படகு ஓட்டவந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ன பண்றீங்க?" என்று அலறினார். கஸ்தூரி கொஞ்சம்கூட அசரவில்லை. "உப்பு பத்துதான்னு பாக்கறேன் மேடம். லேசாத் தூக்கலா கீது" என்றாள். அந்த அம்மா போனபிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் ஹோஸ் பைப்பை மூட மறந்து, தொட்டித் தண்ணீரெல்லாம் போய்விட்டது.

மேனேஜரிடமும் அவள் அப்படித்தான். படகின் முன்னால் பலூன் மாதிரி உப்புகிற கலர் பாய் ஒன்று உண்டு. நைலான் துணி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. அதில் புள்ளி வந்துவிட்டது. பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார் மேனேஜர். வெள்ளைப் பாய்க்கு நாங்கள் ரொம்ப லேசாகக் கலந்து போடுவதுண்டு. கலர் பாய்க்கு ஆகாது என்று கஸ்தூரி சொன்னாள். "நான் சொல்றதச் செய்யுங்கம்மா" என்றார் அவர். அவள் செய்யவில்லை. அதே துணியில் ஒட்டுப்போடுவதற்கு வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து அவர் சொன்னபடியே ஊறவைத்து, காயவைத்து, மறுநாள் அவர் மேசையில் வைத்தாள். "இஸ்துப் பாருங்க சார்" என்றாள். அவர் இரண்டு விரலால் இழுத்தார். அப்பளம் மாதிரி பிய்ந்து போய்விட்டது. "இத்தக் கட்டிகினு நடுக்கடல்ல போவச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். பிறகு அந்தப் பாயைச் சோப்புத் தண்ணீர் போட்டு மெதுவாகத் துடைத்தோம். கறை போகவில்லை. "கறை இருந்துட்டுப் போவுது. வளராம இருந்தா சரி" என்பாள்.

அவளை நான் உசத்தியாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்கவேண்டாம். அவள் வாய் ரொம்பப் பொல்லாதது. அவள் புருஷன் வேறொருத்தியோடு போனது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் குழுவில் யாரிடமோ பேசினேன் என்று கேள்விப்பட்டு, ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. ஒரே பாயின் இரண்டு முனையை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மடித்தோம். பத்தாம் நாள் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னாடி மல்லி, உப்பே இல்ல" என்றாள். அதோடு முடிந்தது.

இனி எழுதவேண்டியது கஷ்டமான பகுதி.

பூசணம் பிடித்த பாயில் தண்ணீர் படுவதற்கு முன்னால் காய்ந்த பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுக்கவேண்டும். வெட்டவெளியில்தான் செய்யவேண்டும். "காத்து முதுகுல அடிக்கிற மாதிரி நில்லு, தூசி உன்னவுட்டுத் தள்ளிப் போவும்" என்று எனக்குச் சொன்னதே அவள்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வெட்டவெளி ஏது? அந்த இரண்டு மாதம் படகுகள் கரையில் கிடக்கும். பாய்கள் பையில் கிடக்கும். மார்கழி பிறந்தால் ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் எல்லாப் பாயும் தயாராக இருக்கவேண்டும். அதனால் கார்த்திகைக் கடைசியில் ஷெட்டுக்கு உள்ளேயே தட்டுவோம்.

ஒரு வருடம் புயல் மழையில் ஷெட் கூரைத் தகரம் ஒன்று கழன்று ஒழுகிவிட்டது. ஒரு பைகூடத் தப்பவில்லை. திறந்தால் ஒவ்வொன்றும் பச்சைப் பொடி. மழை நிற்கவில்லை. பாதிப் பாய்களைத் தட்டித் துடைத்துக் கொடியில் போட்டிருந்தோம், அவை நல்லபடியாகக் காய்ந்துகொண்டிருந்தன. அப்போது காற்று திரும்பி, சாரல் கதவு வழியாக நேராக உள்ளே அடித்தது. காய்ந்த பாயெல்லாம் மறுபடி நனையப்போகிறதே என்று ஓடிப்போய்க் கதவைச் சாத்தியவள் நான். கஸ்தூரி வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லதாப் போச்சு, இல்லனா திருப்பியும் முதல்லேருந்து" என்றாள்.

எட்டு நாள் அப்படிச் செய்தோம். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் அந்த ஷெட்டில் கிடையாது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பிரஷ்ஷோடு தட்டினோம். தகர இடுக்கில் வந்த வெளிச்சத்தில் பொடி பறப்பது தெரியும். கீழே இறங்காது, அப்படியே நிற்கும். சாப்பிடும்போது துண்டை அவிழ்த்தால் மூக்கு இருந்த இடத்தில் பச்சையாக இருக்கும். அதை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தோம். பாயைக் காப்பாற்றவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. அதற்கடுத்த வருடங்களிலும் மழை வந்தால் கதவைச் சாத்துவது பழக்கமாகிவிட்டது.

அந்த எட்டு நாளில்தான் அவளுக்கு முதலில் காய்ச்சல் வந்தது. அதன்பிறகு பூசணம் தட்டுகிற நாளெல்லாம் அப்படித்தான். காலையில் நன்றாக வருவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது குளிர் எடுக்கும், நெஞ்சு இறுக்கும், வறட்டு இருமல் வரும். விடிந்தால் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இருக்காது. "லீவு நாளில மட்டும் ஜோராக் கீறேன்டி. எனக்கு வேலைதான் ஒத்துக்கல, மகாராணியாப் பொறக்க வேண்டியவ" என்பாள். நான் சிரிப்பேன். இப்போது நினைத்தால், அவள் உடம்பு வாரா வாரம் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதை வேடிக்கையாக்கினோம்.

இரண்டு மழைக்காலம் போனபின் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாமல்லபுரம் போய், பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு அவளைக் கூட்டிப் போனேன். நெஞ்சு டாக்டர் நல்ல மனிதர், அவசரப்படாமல் கேட்டார். ஊதச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார். பிறகு, "வீட்டில புறா வளர்க்கிறீங்களா?" என்றார்.

"மனுசனுக்கே எடமில்ல சார், பொறாவ எங்க வெக்கிறது?"

அவர் சிரிக்கவில்லை. "புறா எச்சத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, அதுக்குத்தான் கேட்டேன். ஈர வைக்கோல், கெட்டுப்போன தானியம், பூசணம் பிடிச்ச சாமான், இந்த மாதிரி ஏதாவது வேலை செய்யறீங்களா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

கஸ்தூரி யோசிக்கவே இல்லை. "இல்ல சார். ஓட்டல்ல துணி தோய்க்கிறேன்" என்றாள்.

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னையும் பார்த்தார். "நீங்க கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க சார்" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து எழுதினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏண்டி பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"பூசணம்னு சொன்னா அந்த வேலைய வுடுன்னு சீட்டுல எழுதுவாரு. சீட்ட மேனேஜராண்ட குடுத்தா நாளைக்கே வேற ஆள வெச்சுக்குவான். சுதா படிச்சு முடிக்கட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

"மூச்சு முட்டிகினு கீதேடி."

"மாத்திர குட்த்துகீறாருல்ல? சும்மா பேஜாரு பண்ணாத மல்லி. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். அதோட வுடு."

விட்டேன். அதைத்தான் நான் செய்தேன். மாத்திரையில் முகம் உப்பிக்கொண்டது, ஆனால் மூச்சு கொஞ்சம் தேவலாம் என்றாள். அந்த மழைக்காலமும் வந்து பிரஷ்ஷைப் பிடித்தாள். நான் அவளைக் கதவுப் பக்கம் உட்காரவைத்துவிட்டு உள்ளே நானே தட்டுவேன். ஒரு மணி நேரம்கூட இருக்கமாட்டாள், எழுந்து வந்துவிடுவாள். "நீ தட்டுற லட்சணம்!" என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொள்வாள். அடுத்த மழைக்காலத்தில் நாலு தட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். தை பிறந்தபிறகு அவளால் மண் ரோட்டை நடந்து கடக்க முடியவில்லை.

கடைசி நாட்களில் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் அவள் கண் முதலில் மெஷினைப் பார்க்கும், பிறகு சுதாவைப் பார்க்கும். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அத்தனை பேச்சுப் பேசினவள். நான் போகும்போதெல்லாம், "மூலைய... பாத்தியா?" என்று கேட்பாள். "பார்த்தேன்" என்பேன். ஒருநாள் சுதா கடைக்குப் போனபோது, "இப்பவாவது டாக்டராண்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "பொண்ணு... கஸ்டப்படும். எனக்காவத்தான்... அங்க போச்சுன்னு." அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சேர்ந்தாற்போல் பேசியது.

எடுத்த அன்று மேனேஜர் மாலையோடு வந்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். "அம்மா பார்த்த வேலையை நீயே பாரும்மா. உனக்காகத்தான் இடத்தை வெச்சிருக்கோம். காரியம் முடிஞ்சதும் திங்கட்கிழமை வந்துடு" என்று சுதாவிடம் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். சுதா சரி என்று தலையாட்டினாள். என்னைக் காட்டி, "சின்னம்மா கூட இருக்காங்கல்ல, எனக்குப் பயமில்ல" என்றாள்.

பதினாறாம் நாள் முடியும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. செத்தவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இருக்கிறவள் அதே ஷெட்டுக்குள் போகப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். சுதா அம்மாவின் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுதா, நாளைக்கு நீ அங்க வரவேணாம்மா."

"ஏன் சின்னம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தியது நான் என்று சொன்னேன். டாக்டர் கேட்டது, அவள் அம்மா சொன்னது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்தது, எதையும் மறைக்கவில்லை. கடைசியாக அவள் அம்மா தலையாட்டியதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவேண்டாமோ என்னவோ.

சுதா அழவில்லை. சீட்டுகளைத் திரும்பவும் முதலிலிருந்து அடுக்கினாள். பிறகு, "கதவ நீங்க சாத்தலன்னா அம்மாவே சாத்தியிருக்கும். அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா டாக்டர் உங்களயும் பாத்தாருல்ல சின்னம்மா. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"உங்கம்மா வேல பூடும்னு பயந்துச்சு. அவ வேல போனா எனக்கும் பூடும்னு நான் பயந்தேன்." அதுவரை அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. அவள் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "அந்த ஷெட்டுல நீங்களும்தான இருந்தீங்க?" என்றாள். "உங்களுக்கு இருமல் இல்லையா?"

"லேசாக் கீது. எல்லாருக்கும் கீற மாதிரி."

"நாளைக்குக் காலைல ரெடியா இருங்க" என்றாள். "இப்பக் கெளம்புங்க."

திங்கட்கிழமை அவள் கிளப்புக்குப் போகவில்லை. என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அதே டாக்டர்தான். புறா கேட்டார். இல்லை என்றேன். பூசணம் பிடிச்ச சாமான் ஏதாவது என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் சொல்லத் தொடங்கினேன். பாய், பை, பிரஷ், கதவு எல்லாம் சொன்னேன். என்கூட வேலை செய்த கஸ்தூரியின் பெயரையும் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஓட்டல்ல துணி துவைக்கிறதா சொன்னாங்களே" என்றார்.

"அது பொய் சார்" என்று சுதா சொன்னாள். "எங்கம்மா."

அம்மா செத்துப்போனதை அவளே சொன்னதும் டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, முதல்ல அந்த இடத்தை விட்டு வெளியே வாங்கன்னு சொல்லியிருப்பேன். மருந்தெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"பொழச்சிருப்பாங்களா சார்?" என்று சுதா கேட்டாள்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. நாள் கிடைச்சிருக்கும்."

என்னையும் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, இரண்டு நுரையீரலிலும் அடிப்பக்கம் விரலை வைத்தார். ஆரம்பம்தான் என்றார். இனி அந்த வேலைக்குப் போகவே கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை நான் மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஷெட்டுக்கு ஜன்னல் வைக்கச் சொன்னேன். மழை நாளில் யாரையும் உள்ளே வைத்துத் தட்டச் சொல்லாதீர்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதும்மா. வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். இரண்டே நாளில் புது ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கஸ்தூரி எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நடந்தது. அவள் பயந்தது தப்பில்லை. ஆனாலும் சொல்லியிருக்கவேண்டும். இரண்டும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வந்த இரண்டு பெண்களையும் மண் ரோட்டு முனையில் நிறுத்தி எல்லாம் சொன்னேன். மூலையைத் தொட்டுப் பாருங்கள், பையைத் தரையில் வைக்காதீர்கள், வெளியே நின்று தட்டுங்கள், மூக்கை நன்றாக மூடுங்கள், மழை வந்தால் தட்டாதீர்கள், கதவைச் சாத்தாதீர்கள் என்றேன். ஒருத்தி கேட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, "தொறந்து வெச்சா பாய் நனையுமேக்கா, மேனேஜர் கத்துவாரே?" என்றாள்.

"நனையட்டும்மா. திருப்பிக் காயவெச்சுக்கலாம்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி தெரியவில்லை. அவளுக்கும் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ. இதைப் படிக்கிற நீங்கள் யாராவது அவர்களைப் பஸ்ஸில் பார்த்தால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

சுதா இப்போது மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலை கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்து, "மாத்திர போட்டீங்களா?" என்று கேட்பாள். போட்டேன் என்றால் வைத்துவிடுவாள். வேறு பேச்சு இல்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

கஸ்தூரியின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. சேலை, செருப்பு, போட்டோ ஒன்றும் நான் கேட்டு வாங்கவில்லை. அந்தச் சாத்திய ஷெட்டில் பறந்த பொடியில் பாதியை அவள் இழுத்தாள், பாதியை நான் இழுத்தேன். என் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. மாடிப்படி ஏறும்போது, ஐந்தாவது படியில் நிற்க வேண்டியிருக்கிறது.